வாக்குச்சாவடிக்குக் கிடைத்த ஊசி

(கிருஷ்ணன்கோவிலில் நடந்த ஆசிரியர்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சத்துணவு அமைப்பாளர்களே, சமையலர்களே (உங்களைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்), எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் ஏறினால் ஆண்டாளில் ஆரம்பிக்க வேண்டும். ராஜபாளையத்தில் ஏறினால் பஞ்சாலையில் ஆரம்பிக்க வேண்டும். மதுரை ரோட்டிலிருந்து வத்திராயிருப்புக்குப் பிரிகிற இந்த ஊரில் அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பத்திரமாகத் திறக்க வேண்டுமானால் ஆசிரியருக்கு முதல் வரிசையில் தடுப்பூசி போட வேண்டுமா என்பதுதான் இன்றைய பேச்சு. "கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு ஐயா இது?" என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்கு முதலில் என்கிற பட்டியலை நோய் வந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் என்ன ஆகும் என்பதை 2021-ல் கண்ணால் பார்த்தாயிற்று. நோய் இல்லாத நாளில்தான் அதை நிதானமாகப் பேச முடியும்.

தேதிகளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். 2021 ஜனவரி 16-ல் நாடு முழுக்க ஊசி தொடங்கியது. டாக்டர், நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், எங்களைப் போன்ற களப்பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் முதலில். பிப்ரவரி தொடக்கத்தில் போலீஸ், வருவாய்த் துறை, தூய்மைப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்கள், 45 தாண்டி சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள். ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லோரும். மே 1 முதல் 18 தாண்டியவர்கள். இந்த ஐந்து படியில் ஆசிரியருக்கென்று ஒரு படி கிடையாது.

ஆனாலும் இங்கே இருக்கிற உங்களில் பலர் 2021 மார்ச்சிலேயே ஊசி போட்டுக்கொண்டீர்கள். எப்படி? பிப்ரவரி 26-ல் தேர்தல் ஆணையம் தமிழகத்துக்குத் தேர்தல் தேதி அறிவித்தது. அந்த அறிவிப்போடு, தேர்தல் பணிக்கு வருகிற எல்லோரும் முன்களப் பணியாளர்களாகக் கருதப்பட்டு அவர்களுக்குத் தடுப்பூசி போடப்படும் என்றும் சொன்னது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் யார்? நீங்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை அலுவலர்? பெரும்பாலும் நீங்கள்தான். ஆக, தேர்தல் பயிற்சியும் ஊசியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

அதே வாரங்களில் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது? ஆணையம் தேதி அறிவித்ததற்கு முந்தின நாள், பிப்ரவரி 25-ல், 9, 10, 11 மூன்று வகுப்புக்கும் ஆல்பாஸ் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. மார்ச் 22-லிருந்து அந்த வகுப்புகளுக்குப் பள்ளி கிடையாது. பிளஸ் டூ பிள்ளைகள் மட்டும் வந்து போனார்கள். சின்ன வகுப்புகளோ 2020 மார்ச்சில் மூடியது மூடியபடி. ஏப்ரல் 6-ல் மாநிலம் முழுக்க 88,937 வாக்குச்சாவடிகள். அதில் பெரும்பகுதி எங்கே இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஊரே வரிசையில் நின்றது. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், கைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களே வந்து ஓட்டுப் போட ஏற்பாடு. அப்போது உங்களுக்குக் கவச உடை.

அதே கட்டடம், அதே ஆசிரியர், அதே ஊசி. வாக்காளருக்குக் கதவு திறந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் திறக்கவில்லை.

தேர்தலை நடத்தியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் விலையும் நமக்குத் தெரியும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், பிரசாரக் காலத்திலேயே தொற்று வந்து மதுரையில் சிகிச்சையில் இருந்தார். வாக்குப்பதிவு முடிந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 11-ல், ஓட்டு எண்ணுவதற்கு முன்பே காலமானார். அதே மாதம் உத்தரப் பிரதேசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அந்தப் பணிக்குப் போய்த் தொற்றி இறந்த ஆசிரியர்கள், பள்ளி ஊழியர்கள் என்று 1,621 பெயர்களை அங்கே ஆசிரியர் சங்கம் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அரசு முதலில் ஒப்புக்கொண்டது மூன்று பேரை. பணியில் இருக்கும்போதே உயிர் போனால்தான் கணக்கு என்பது அவர்கள் விதி. பிறகு எதிர்ப்பு வந்து விதியைத் தளர்த்தினார்கள். ஆசிரியரைக் கூட்டத்துக்குள் அனுப்புகிற அரசு அவருக்குக் கவசம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரே ஒரு நாள் நடக்கிற தேர்தலுக்காக ஆசிரியரை வரிசையில் முன்னே கொண்டுவர முடிந்ததே, ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல் நடக்கிற பள்ளிக்காக ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இதற்கு எதிர்வாதம் உண்டு, லேசானதல்ல. கொரோனாவில் அதிகம் செத்தது யார்? வயதானவர்கள். இருப்பதே கொஞ்சம் ஊசி என்றால் முப்பது வயது டீச்சருக்குப் போடுவதா, எழுபது வயதுப் பாட்டிக்குப் போடுவதா? இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு 2021 பிப்ரவரியில் வல்லுநர் குழு வயதுதான் வரிசை, தொழில் அல்ல என்று பதில் சொல்லிவிட்டது. ஆசிரியருக்குத் தனி வரிசை கொடுக்காமலேயே மார்ச் 8-ல் பள்ளிகளைத் திறந்தார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. அதிபர் பைடன் மார்ச் 2-ல், அந்த மாதத்துக்குள் ஒவ்வொரு பள்ளி ஆசிரியருக்கும் ஊழியருக்கும் குறைந்தது ஒரு டோஸ் என்று இலக்கு வைத்தார். டென்மார்க் இன்னொரு கதை: ஊசி என்ற ஒன்றே வராத 2020 ஏப்ரல் 15-ல், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பள்ளியைத் திறந்துவிட்டது.

ஆகவே ஊசி இல்லாமல் பள்ளியைத் திறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஜன்னலைத் திறப்பது, தள்ளி உட்கார வைப்பது, காய்ச்சல்காரரை வீட்டில் நிறுத்துவது எல்லாம் ஊசிக்கு முன்னாலேயே வேலை செய்தவை. ஊசி போட்டவருக்கு நோயே வராது என்பதும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு முற்றுவதையும் சாவையும் பெருமளவு குறைக்கும், அவ்வளவுதான். பிறகு ஏன் முன்னுரிமை என்கிறேன்?

நம் ஒன்றியத்துப் பள்ளிகளை மனதில் வைத்துப் பாருங்கள். ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியருக்கு ஐம்பத்தி இரண்டு வயது, சர்க்கரை, பிரஷர். உதவி ஆசிரியைக்கு முப்பது வயது, வீட்டில் மாமனார், மாமியார். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்தவர் தொடர்பாளர், இரண்டு பேரும் வீட்டுத் தனிமை. பள்ளிக்குப் பூட்டு. லண்டனில் ஒரு பள்ளியில் அறுபது ஆசிரியர் இருப்பார்கள், நாலு பேர் விடுப்பில் போனால் சமாளித்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே ஆசிரியர் படுத்தால் பள்ளியும் படுத்துவிடும். இங்கிலாந்து நிபுணர் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது என்பதற்கு என் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் என் தொழிலிலிருந்து வருகிறது. பாட்டிக்குப் போடுவதா டீச்சருக்குப் போடுவதா என்ற கேள்வி, பாட்டி வரிசையில் நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது. 2021 பிப்ரவரி, மார்ச்சில் பாட்டி வரவில்லை, ஐயா! வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாலும் வரவில்லை. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். முகாமில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு. இன்னும் மூன்று பேர் வருகிறவரை காத்திருக்கச் சொன்னால் இந்த ஏழும் எழுந்து போய்விடும். திறந்தால் மூன்று டோஸ் சாக்கடைக்கு. செவிலியர் வாசலுக்கு வந்து டீக்கடைக்காரரைக் கூப்பிடுவார், ஆட்டோக்காரரைக் கூப்பிடுவார். கூப்பிட்டாலும் அவர்கள் வயது பட்டியலில் இருக்காது. ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்தபோது, மாநிலங்களிலேயே அதிகம் வீணாக்கியது தமிழ்நாடுதான் என்று தெரிந்தது: 12 சதவீதம். நாடு முழுக்க 44 லட்சம் டோஸுக்கு மேல்.

அந்த 12 சதவீதத்தில் எத்தனை ஆசிரியர் அறை நிறைந்திருக்கும்? பள்ளிக்கூடம் போல ஊசி முகாமுக்குத் தோதான இடம் வேறில்லை. பெயர்ப் பட்டியல் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க பெஞ்சு இருக்கிறது, மேலே மின்விசிறி இருக்கிறது. தலைமையாசிரியர் ஒரு போன் அடித்தால் பத்துப் பேர் குறித்த நேரத்துக்கு வருவார்கள். பத்தாவது ஆளுக்காகக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தெருவைப் பார்க்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி 3-ல் 15 வயதிலிருந்து 18 வயது வரைக்கான ஊசி தொடங்கியபோது முகாமைப் பள்ளிக்குள்ளேயே வைத்தோமே, எவ்வளவு சுளுவாக முடிந்தது என்று பார்த்தீர்கள். அதை ஓராண்டு முன்னால் செய்திருக்கலாம். பாட்டியின் பங்கிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்காது.

இன்னொன்று. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ல் மாரடைப்பில் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. ஆனால் ஏப்ரலில் எங்கள் முகாம்கள் காலியாகிவிட்டன. "உனக்கென்ன, நீ சுகாதாரக்காரன், சொல்லத்தான் செய்வே" என்று என்னைத் திருப்பி அனுப்பிய தெருக்கள் உண்டு. அந்தத் தெருவில் ஊசி போட்டு இரண்டு மாதம் ஆகி, கல்லுக்குண்டாக நடமாடுகிற டீச்சர் ஒருத்தர் இருந்தால் எனக்கு வேலை பாதி குறைந்திருக்கும். நம் பக்கத்தில் அரசாங்கச் சுற்றறிக்கையைவிட வாத்தியார் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. (சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.)

சரி, மத்திய அரசு கடைசியில் ஆசிரியரை நினைத்ததா? நினைத்தது. 2021 ஆகஸ்ட் 25-ல் சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா, செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு முன் எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துப் போடுங்கள், அதற்காக 2 கோடி டோஸ் கூடுதலாகத் தருகிறோம் என்று மாநிலங்களுக்குச் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் எங்களைப் போல ஊசி அட்டை எழுதினவர்கள் உடனே போடுகிற கணக்கு ஒன்று உண்டு. கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு ஆரம்பத்தில் நாலு வார இடைவெளி. மார்ச்சில் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆயிற்று. மே 13-ல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் ஆயிற்று. ஆகஸ்ட் 27-ல் முதல் ஊசி போட்ட ஆசிரியைக்கு 84 நாள் கழித்து, நவம்பர் 19-ல்தான் இரண்டாவது. தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரை செப்டம்பர் 1-ல் திறந்தாயிற்று, 1 முதல் 8 வரை நவம்பர் 1-ல் திறந்தாயிற்று. அவர் முழுப் பாதுகாப்புக்கு வருவதற்குள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூச்செண்டு கொடுக்கிற தேதியை வைத்துத் திட்டம் போட்டால் இப்படித்தான் முடியும்.

பள்ளி நாட்காட்டியைக் கையில் வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஜூன் 1-ல் பள்ளி திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஊசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் கழியுங்கள்: மே 18. அதிலிருந்து 84 நாள் கழியுங்கள்: பிப்ரவரி 23. நாலு வார இடைவெளி என்றால் ஏப்ரல் 20 வரை நேரம் உண்டு. அதாவது தேர்தல் அவசரத்தில் எந்த வாரங்களில் உங்களுக்கு ஊசி போட்டார்களோ, பள்ளிக் கணக்குக்கும் அதே வாரங்கள்தான் சரி. வேலை ஏற்கெனவே பாதி நடந்துகொண்டிருந்தது, அதைப் பள்ளியோடு சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

உடனே யாராவது, "2021 ஜூனில் எப்படி ஐயா திறந்திருக்க முடியும்?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். மே 21-ல் மாநிலத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்கு ஊர் ஊராக அலைந்த நாட்கள் அவை. அப்போது பள்ளி பற்றிப் பேசுவதே தப்பு. ஆனால் ஆகஸ்டில் அது இரண்டாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. கடை திறந்தது, பஸ் ஓடியது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பப் பள்ளியைத் திறக்க எது தடை? சிறு பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் கடுமையாவது மிகக் குறைவு. அவர்களைத்தான் நாம் எல்லோருக்கும் கடைசியாக உள்ளே விட்டோம். பொதுத் தேர்வு எழுதுகிற வகுப்பு முதலில், எழுத்துக் கூட்டுகிற வகுப்பு கடைசியில். டென்மார்க் செய்ததற்கு நேர் தலைகீழ். இலங்கையிலாவது 2021 அக்டோபர் 21-ல் திறந்தபோது, இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த சிறு பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளை முதலில் திறந்தார்கள். அந்த யோசனை நம் மலையடிவாரக் கிராமங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்.

மூடிக்கிடந்ததால் என்ன போயிற்று என்று உங்களிடம் நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஒன்றிரண்டு மட்டும். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், தமிழகமும் சேர்த்து, ஏழைக் குடும்பங்களின் சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 பேர். கல்வித் தொலைக்காட்சி வந்ததே என்றால், வந்தது. செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பில் எத்தனை வீட்டில் அதைப் பார்த்திருப்பார்கள்? சத்திரப்பட்டிப் பக்கம் தறிப் பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கேட்டேன், எட்டாவது என்றான். எந்த ஸ்கூல் என்றதற்கு, "ஸ்கூல்தான் இல்லையே சார்" என்றான். நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேண்டேஜ் துணி அனுப்புகிற ஊர் அது. அந்த வருஷம் துணிக்குக் கிராக்கி, பையனுக்கும் கிராக்கி.

சாப்பாடு இன்னொன்று. காமராசர் பிறந்த மாவட்டத்தில் மதிய உணவு பற்றி நான் விளக்க வேண்டாம். பள்ளி மூடியிருந்தபோது அரிசி, பருப்பு, முட்டை என்று வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது பிள்ளையின் தட்டுக்கு எவ்வளவு போயிற்று, குடும்பப் பானைக்கு எவ்வளவு போயிற்று என்று யார் பார்த்தது?

இப்போது பின்வரிசைக்கு வருகிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் அங்கன்வாடியும் ஆரம்பப் பள்ளியும் இருக்கிற ஊர்கள் நமக்கு நிறைய. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அங்கன்வாடி அம்மா, ஜனவரியில் முதல் வரிசையில் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பிள்ளைகளைவிட மூத்த பிள்ளைகளுக்குச் சமைக்கிற சத்துணவுச் சமையலர், அந்தப் பட்டியலில் இல்லை. எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே விளக்கம், இரண்டு பேரையும் வேறு வேறு கோப்பில் வைத்திருந்தார்கள் என்பதுதான். தேர்தல் வழியாகக் கிடைத்த முன்னுரிமையும் அப்படியே: தேர்தல் பணி உத்தரவு கையில் வந்தவருக்கு ஊசி. தனியார் பள்ளி ஆசிரியை, பகுதிநேர ஆசிரியர், துப்புரவு செய்கிற அம்மா, வேன் டிரைவர், இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உத்தரவு ஏது? தனியார் பள்ளி இளம் ஆசிரியைகள் பாடுதான் மோசம். சம்பளம் பாதியாகி, சில இடங்களில் இல்லாமலே ஆகி, ஊசிக்கு மே மாதம் வரை காத்திருந்து, ஜூனில் கையிருப்பு இல்லை என்று போர்டு மாட்டியபோது திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

ஆகவே ஆசிரியருக்கு முன்னுரிமை என்று கேட்டால் மட்டும் போதாது. பள்ளி வளாகத்துக்கு முன்னுரிமை என்று கேட்க வேண்டும். கேட்டுக்குள் தினமும் நுழைகிற பெரியவர் யாரானாலும் பட்டியலில் வர வேண்டும்.

ஊசி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால்? கட்டாயப்படுத்த முடியாது. 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. முன்னுரிமை என்பது வேண்டும் என்கிறவருக்கு முதலில் கொடுப்பது. வேண்டாம் என்கிறவரோடு உட்கார்ந்து பேசலாம், சக ஆசிரியர் பேசினால் இன்னும் நல்லது. மெமோ கொடுத்து யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை.

அரசாங்கம் பட்டியல் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பள்ளியில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வளாகத்துக்குள் தினமும் வருகிற ஒவ்வொருவர் பெயர், வயது, போன் நம்பர், அவர் இஷ்டப்பட்டுச் சொன்னால் சர்க்கரை, பிரஷர் உண்டா என்பது. ஆண்டுக்கு ஒருமுறை ஜூனில் ஒரு நகல் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. அந்த நோட்டு இருந்தால் அடுத்த நோய்க்கு வட்டார மருத்துவ அலுவலர் ஒரே நாளில் முகாம் தேதி குறித்துவிடுவார். இல்லையென்றால் மறுபடியும் தேர்தல் வந்தால்தான் உங்களுக்கு ஊசி. முக்கியமாக வேன் டிரைவர் மாறினால் நோட்டில் பெயரை மாற்றிவிடுங்கள். போன வருஷ டிரைவருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, இந்த வருஷம் முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவரை விட்டுவிட்டால் அந்த நோட்டுக்கு அர்த்தமில்லை.